வேரைப் பற்றிய அத்தியாயம்

காட்டுச் சரிவில் வாழும் மக்களோடு பல மழைக்காலங்கள் தங்கி, அவர்களுடைய வைத்திய அறிவை ஆராய்ந்தவள் அவள். ஓயாமல் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்ததால் அங்கே அவளுக்குக் கேள்விக்காரி என்றே பெயர். முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய சமயத்தில், அந்த ஊர் மருத்துவச்சி பஸ் ஏறி வந்து பல்கலைக்கழக கேன்டீனில் அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"பிரசவத்துல ரத்தத்தை நிறுத்துற வேர் இருக்கே, அதைப் பத்தி எழுதாதேம்மா."

"நீங்கதானே சித்தி எழுதிக்கோன்னீங்க?"

"சொன்னேன், இல்லங்கல. ஆனா காய்ச்சல் கொடியைப் பத்தி எவனோ பத்திரிகையில எழுதினான். லாரியில வந்து வேரோட பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப மருந்துக்குக்கூட ஒரு கொடி இல்ல. எல்லாரும் கூடிப் பேசித்தான் என்னை அனுப்பினாங்க."

"பேரை மாத்திப் போட்டா?"

"இலை, மண்ணு, வளர்ற இடம் எல்லாம் எழுதியிருக்கே. மோப்பம் பிடிச்சு வர்றவனுக்குப் பேர் எதுக்கு?"

 ஆய்வேட்டுக்கு உயிரே அந்த அத்தியாயம்தான். ஆனாலும், "எடுத்துடறேன் சித்தி" என்றாள்.

அவளுடைய ஆய்வை வழிநடத்திய பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அனுமதி வாங்கித்தானே எழுதினே?"

"கொடுத்தவங்க திருப்பிக் கேக்கறாங்க சார்."

"நாளைக்கு அந்தக் காடே அழிஞ்சா இந்த அறிவும் போயிடுமே. அதுக்கு யார் பொறுப்பு?"

அவளையும் இரவெல்லாம் குடைந்த கேள்விதான் அது. "அவங்க பொண்ணுங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டுத்தான் இருக்காங்க சார். நமக்குச் சொல்லலன்னா அழிஞ்சு போச்சுன்னு அர்த்தமில்லையே."

அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

வீட்டில் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். "என் தங்கச்சி டாக்டராகப் போறான்னு தெருவெல்லாம் தம்பட்டம் அடிச்சுட்டேன். இப்ப எந்த மூஞ்சியோட வெளியில போறது?"

"இதே மூஞ்சியோடதான். இன்னும் ஒரு வருஷம் சோறு போடுக்கா."

"போடறேன். பாத்திரம் நீ கழுவு."

துறைக் குழு கூடும் அறை வாசலில் அவள் விடாமல் போய் நின்றாள். கடைசியில் குழு இறங்கி வந்தது. வேர் அத்தியாயத்தை எடுத்துவிடலாம், அந்த இடத்தில் புதிதாக ஒன்று எழுத வேண்டும் என்றார்கள். அவள் வேரைப் பற்றிய ஒலிப்பதிவுகளை மூட்டை கட்டி எடுத்துப்போய் மருத்துவச்சியின் மகளிடம் ஒப்படைத்தாள். பிறகு புது அத்தியாயத்துக்காக அந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டாள்: "எதை யாருக்குச் சொல்றது, எதைச் சொல்லக்கூடாதுன்னு எப்படி முடிவு பண்றீங்க?"

"பிடிச்சாளே அடுத்த கேள்வியை" என்று சிரித்தார்கள். பதில் சொல்லலாமா என்று அவர்கள் தங்களுக்குள் வாதாடி முடிக்கும்வரை ரெக்கார்டரை அணைத்துவிட்டு எட்டவே உட்கார்ந்திருந்தாள்.

"சொல்றோம். எழுதினதை முதல்ல எங்களுக்கு வாசிச்சுக் காட்டணும்."

வாசித்தாள். சில பக்கங்களை அடித்துவிடச் சொன்னார்கள், அடித்தாள். மறு வருடம் பேராசிரியர் திருத்திய ஆய்வேட்டை முழுக்கப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"நீ செஞ்சது சரின்னு எனக்கு இன்னும் படல."

"தெரியும் சார்" என்று கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள்.