கேட்டதற்கெல்லாம் ஆமா

ஒரு கோழி குப்புற விழுந்து செத்ததற்காக என் அக்காவை, சூனியக்காரி என்று ஊர் துரத்தியவர்களின் முகாமுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன கல்லா?

அக்கா சமாத்தாவுக்கு அறுபத்திரண்டு வயது. ஷியா மரத்துக் கொட்டையை அரைத்து அவள் கடைந்தெடுத்த வெண்ணெய்க்குச் சந்தையில் தனி மதிப்பு. புருஷன் போன பிறகு கொழுந்தன் நபாரி வீட்டில்தான் இருந்தாள். இரண்டு வருஷமாகக் கை விறைத்து, நடை தளர்ந்துவிட்டது. தூக்கத்தில் எட்டி உதைப்பாள். ஒரு நாள் கணக்காக விலை பேசுவாள், மறுநாள் அடுப்பு எதற்கென்று தெரியாமல் நிற்பாள். சுவரோரம் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிக் களியை உருட்டி நீட்டுவாள். அங்கே ஈ காக்கை இருக்காது.

நபாரியின் மூன்று வயது மகன் காய்ச்சலில் செத்த மறுநாளும் அப்படித்தான் நீட்டினாள். போதாதா இவர்களுக்கு? பிள்ளையின் உயிரைத் தின்றவள் இவள்தான் என்றார்கள். கோழியின் கழுத்தை அறுத்து வீசினார்கள். மல்லாந்து விழுந்தால் குற்றமில்லை என்பது வழக்கம். அது குப்புற விழுந்தது.

ஊர்த் தலைவரிடம் மூன்று நாள் தவணை கேட்டு, அக்காவைத் தமலே நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா ரத்தம் எடுத்தார், தலையைப் படம் பிடித்தார், கடிகாரம் வரையச் சொன்னார்.

"கடிகாரமே கட்டாதவகிட்ட இதைக் கேட்டா எப்படி டாக்டரம்மா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, வெண்ணெய் எடுக்கும் வேலையை வரிசையாகச் சொல்லச் சொன்னார். அக்கா கொட்டையை உடைப்பதற்கு முன்பே கடைய ஆரம்பித்துவிட்டாள்.

"மறதி நோய் எல்லாருக்கும் ஒரே மாதிரி வராதும்மா. சிலருக்கு ஞாபகம் முதல்ல போகும், சிலருக்கு குணமே மாறும். இவங்களுக்கு இல்லாத ஆளுங்க கண்ணுக்குத் தெரியறாங்க. மூளைல வந்த நோய் இது. சூனியமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல." அதையே காகிதத்தில் எழுதியும் கொடுத்தார்.

ஊர்க்கூட்டத்தில் அந்தக் காகிதத்தைத் தலைவரிடம் கொடுத்தேன். நபாரி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"காகிதம் ஆயிரம் சொல்லும், அஜாரா. கோழிக்குப் பொய் சொல்லத் தெரியாது," என்றவன் அக்காவிடம் திரும்பினான். "மதினி, என் புள்ளையைத் தின்னது நீங்கதானே?"

"ஆமா," என்றாள் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவ எதுக்குத்தான் ஆமா சொல்ல மாட்டா? இப்பப் பாருங்க. அக்கா, நம்ம தலைவரைப் பெத்தது நீதானே?"

"ஆமா."

தலைவர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். கூட்டம் சிரித்தது.

"நேத்து மக்காவுக்கு நடந்தே போயிட்டு வந்தியா?"

"ஆமா."

தலைவரே தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். ஊர் என் பக்கம் சாய்ந்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். என் வாய் சும்மா இருந்தால்தானே?

"அந்தப் புள்ளையைத் தின்னது நான்தானே அக்கா?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "ஆமா."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். நபாரி எழுந்து இன்னொரு கோழி பிடிக்கப் போனான்.