மாதுளியின் நாக்கு

கஜானிக்குப் பேச்சு கொன்னும். முதலெழுத்திலேயே நாக்கு இடறி நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் வைத்த ‘கொன்னை’ என்ற பட்டம் புங்குடுதீவு முழுக்கப் பரவிவிட்டது. இன்றைக்கும் கடைக்காரன் அவள் கேட்டு முடிக்குமுன் ஏதோ ஒரு சாமானைக் கட்டி நீட்டுவான். அதைப் பெரிய உபகாரம் என்று வேறு நினைத்துக்கொள்வான்.

மாதுளிக்குக் கொன்னாது. மாதுளி, கஜானி விளையாட்டில் போடும் வேஷம். ஞாயிறு பின்னேரங்களில் நாலு பேர் மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள்ளே போவார்கள். மாதுளி தூது போகிறவள். அவளுடைய திறமைகளை எழுதிய அட்டையில் ‘பேச்சு வல்லமை’ என்பதற்கு நேரே பெரிய இலக்கம் இருந்தது. பகடையை உருட்டி, விழுந்ததோடு அதைக் கூட்டினால் அரசர்களே வாளை உறையில் போடுவார்கள். மூன்று வருடமாகக் கஜானி தடையில்லாமல் பேசியது அந்த அட்டையில்தான்.

தனுஜன் அதற்கு உலை வைத்தான். கதை நடத்துகிறவன் அவன். இணையத்தில் ஆதிகாலத்து விதிப் புத்தகம் ஒன்றை வாசித்துவிட்டுக் கரை கண்டவன் மாதிரி வந்து நின்றான்.

“உந்தப் புது முறையெல்லாம் சின்னப் பிள்ளையளுக்கு. பழைய முறையில பேச்சுக்குப் பகடை இல்லை. அரசனோட பேச வேணுமெண்டால் உங்கட வாயால பேச வேணும். செத்தால் செத்ததுதான், அட்டையைக் கிழிக்க வேணும்.”

மற்ற இருவரும், நிமலனும் தர்சனாவும், தலையாட்டினார்கள். கஜானி மறுத்துச் சொல்ல வாயெடுக்குமுன் விளையாட்டுத் தொடங்கிவிட்டது.

கடலரசனின் கோட்டை வாசல். மதில்மேல் வில்லாளிகள். “நீர் ஆர்? ஏன் வந்தனீர்? சொல்லும்,” என்று தனுஜன் கடலரசனாகி உறுமினான். கைத்தொலைபேசியில் நேரத்தையும் ஓடவிட்டான்.

“நா... நா... நான்...”

மணி அடித்தது. “அம்பு பாயுது. மாதுளி முடிஞ்சாள்.”

கஜானிக்கு உச்சியில் நெருப்பேறியது. கடைக்காரனாவது ஏதோ ஒரு சாமானைத் தருகிறான், இவன் உயிரையல்லவா பறிக்கிறான்! அட்டையைக் கிழிக்காமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

“அப்ப என்ர முறை,” என்றான் நிமலன். அவன் போடுவது மலையைப் புரட்டும் வீரன் வேஷம். ஆளோ தொய்வுக்காரன், படி ஏறினாலே மருந்தை வாயில் வைத்து இழுப்பான். “நான் கோட்டைக் கேற்றை இடிச்சுத் திறக்கிறன்.”

“உருட்டும்,” என்றான் தனுஜன்.

“நி... நில்லும்!” கஜானி எழும்பி வெளியே கையைக் காட்டினாள். அவர்கள் விளையாடும் அந்த வீடு நிமலனின் கனடா மாமாவினது. வாசல் கேற் கறள் பிடித்து இறுகிப்போனதால் ஒவ்வொரு கிழமையும் நால்வரும் இடிந்த மதிலால்தான் உள்ளே வருகிறார்கள். “உ... உந்தக் கேற்றைப் போய்த் தி... திறந்துபோட்டு வாரும். பிறகு உருட்டலாம்.”

நிமலன் சிரித்தான். “எனக்கு ஏலுமே?”

“கஜானி, அது உடம்பு. உடம்புப் பலத்துக்குப் பழைய முறையிலயும் பகடை இருக்கு,” என்று தனுஜன் பொறுமையாக விளக்கினான். அந்தப் பொறுமைதான் அவளுக்குக் கொதிப்பைக் கூட்டியது.

“நா... நா...” ஒருவரும் முடித்துக்கொடுக்கக் கூடாதென்று கையை உயர்த்தித் தடுத்தாள். “நாக்கும் உ... உடம்புதான்.”

தர்சனா பகடையை எடுத்துக் கஜானியின் முன்னால் வைத்தாள். தனுஜன் தலையைச் சொறிந்தான். “சரி, உருட்டும்.”

உருட்டினாள். ஒன்று விழுந்தது. ஒன்று விழுந்தால் அட்டையின் பெரிய இலக்கமும் உதவாது. மாதுளியின் பேச்சு எடுபடவில்லை. அம்பு பாய்ந்தே ஆக வேண்டும்.

தனுஜனின் முகம் கறுத்தது. “பரவாயில்லை, இன்னொருக்கால் உருட்டும். பாவம்...”

“பா... பாவமோ?” கஜானி அட்டையை இரண்டாகக் கிழித்தாள். கண் கலங்கியது, துடைக்கவில்லை. “இ... இப்ப செத்தது மாதுளி. முந்தி நீர் சாக்காட்டினது எ... என்னை.”