மூன்றடி நீட்டிய வண்டி

அன்னூர் ரோட்டு எடைமேடையில் மக்காச்சோள லாரி இறங்கும்வரை கலீல் ரஹ்மான் வெயிலில் காத்து நின்றார். அவருக்குப் பின்னால் நின்ற கேரவன், அவர் ஃபிட்டராக இருக்கும் பட்டறையில் மூன்று மாதமாகக் கட்டியது. முதலில் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றச் சொன்னார். பிறகு பின்சக்கரங்களை மட்டும். டிரைவர் பாலுசாமி மெல்ல நகர்த்தினார்.

முன் அச்சில் ஆயிரத்து அறுநூறு கிலோ. பின் அச்சில் ஐயாயிரத்து முந்நூறு. பின் அச்சு தாங்குவது நாலாயிரத்து எண்ணூறுதான்.

பட்டறைக்குத் திரும்பியதும் முதலாளி ரவிதேஜாவிடம் எடைச் சீட்டை நீட்டினார்.

"முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல வீல்பேஸ் பழையபடியேதானுங்க இருக்குது. பாத்ரூமுக்காகப் பின்னால சேஸிஸை மூணடி நீட்டிப்போட்டோம். தண்ணி டேங்க், ஜெனரேட்டர் எல்லாம் அந்த மூணடியில தொங்குது. பின்கனத்துல முன்சக்கரம் ரோட்டைப் பிடிக்காதுங்க. டேங்கையாவது முன்னால மாத்தோணும்."

"எத்தன நாளாகும்?"

"பிரிச்சு மாட்ட அஞ்சாறு நாளாகுங்க."

"நாளைக்கு வண்டி வால்பாறை ரிசார்ட்டுல நிக்கோணும்." ரவிதேஜா சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "வெள்ளகோவில்ல இருந்து ஒரு ஃபிட்டர் வேலை கேட்டு நாலு தடவ வந்துபோட்டான். நீங்க கையெழுத்துப் போடறீங்களா பாய், அவன வரச் சொல்லட்டுமா?"

சோதனைத் தாளின் எல்லாக் கட்டத்திலும் 'சரி' என்று எழுதிக் கலீல் கையெழுத்திட்டார்.

மறுநாள் காலை பாலுசாமி வண்டியை எடுக்கும்போது கலீல் ஜன்னலோரம் போய் நின்றார். "பின்னால கனம் அதிகம் பாலு. வளைவுல மெதுவாப் போங்க."

"நேத்தே கையில தெரிஞ்சுதுங்க பாய். டேங்குத் தண்ணியத் தொறந்து உட்டுறட்டுமான்னு முதலாளிகிட்டக் கேட்டேன். போனதும் குளிக்கத் தண்ணி வேணுமாம்."

மலைப்பாதையில் மழை பெய்திருந்தது. ஏழாவது கொண்டை ஊசி வளைவில் பாலுசாமி ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்தார். முன்சக்கரங்கள் திரும்பின, வண்டி திரும்பவில்லை. தடுப்புச்சுவரை உடைத்துக்கொண்டு கீழே பாறையில் விழுந்தது. மருத்துவமனையில் பாலுசாமியின் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கலீல் மருத்துவமனைக்குப் போனபோது, வாக்குமூலம் எழுதிய தாளோடு போலீஸ் ஏட்டு ஒருவர் கட்டிலருகே நின்றிருந்தார். அதிவேகம், கவனக்குறைவு என்று படித்துக் காட்டினார்.

"இருவதுக்கு மேல போகலீங்க," என்றார் பாலுசாமி. "வண்டி திரும்பலீங்க."

"வண்டியில ஒரு கொறையும் இல்லைன்னு பட்டறை ஃபிட்டரே கையெழுத்துப் போட்டிருக்காரு."

"அது நானுங்க," என்றார் கலீல். "கொறை இருந்துச்சுங்க."

ஏட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தெரிஞ்சே போட்டீங்கன்னா மொத ஆளா நீங்கதான் உள்ள போகோணும். எழுதிக்கட்டுங்களா?"

கலீல் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பாலுசாமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பாலுசாமிக்கு வலது கையிலும் கட்டு, கையெழுத்துப் போட முடியாது. ஏட்டு அவருடைய இடது கட்டைவிரலை மையில் ஒற்றித் தாளில் அழுத்தினார். ஏட்டு போன பிறகு, பாலுசாமியின் மனைவி சுப்பாத்தாள் சேலைத் தலைப்பை எச்சிலில் நனைத்து, அந்த விரலின் நீல மையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.