குண்டூசிக் காந்தம்

ஆஸ்பத்திரி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்த அக்காவுக்கு எழுந்திருக்கவே தெம்பில்லை. பக்கத்தில் தம்பி, கடித்துக்கொண்ட நாக்கோடு. வலிப்பு திரும்பிவிட்டது.

எத்தனை மாத்திரை! வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று விழுங்கியும் எதற்கும் மசியாத வலிப்பு அது. கடைசியில்தான் மூளைக்குள் மெல்லிய கம்பி செலுத்தி, தோள்பட்டைக்குக் கீழே நெஞ்சுத் தோலுக்குள் தீப்பெட்டி போல ஒரு கருவி வைத்தார்கள். அது சின்னச் சின்ன மின்துடிப்பு அனுப்பி மூளையைத் தாஜா பண்ணிக்கொண்டிருக்கும். தாஜா பலித்தது. வலிப்பு வெகுவாகக் குறைந்தது. அக்காவின் தையல் கடையில் தம்பி கத்தரிக்கோல் பிடிக்க ஆரம்பித்தான். யார் கண் பட்டதோ, கொஞ்ச நாளிலேயே பழைய கதை.

பலனில்லை என்றால் எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இன்று முடிவு தெரியும்.

"எடுத்துடச் சொல்லுக்கா. சும்மா எதுக்கு இதைச் சுமக்கணும்?"

"வாயை மூடுடா. ஓட்டை போட்டது உன் தலையில. தூக்கம் போனது எனக்கு."

"அப்ப உன் தலையிலயும் ஒண்ணு போட்டுடுவோம். குடும்பமே கரண்ட்ல ஓடட்டும்."

சிரிக்கக்கூட அவளால் முடியவில்லை.

உள்ளே டாக்டரம்மா, கருவியைச் சோதிக்கும் பெட்டியை அவன் நெஞ்சருகே பிடித்துத் திரையைப் பார்த்தார். "இது ஓடவே இல்லையே! அணைஞ்சு கிடக்கு. காந்தம் பட்டா அணைஞ்சுடும்னு சொன்னேனே, பக்கத்துல ஏதாவது வெச்சீங்களா?"

"ஐயோ, இல்லைங்க. பெரிய ஸ்பீக்கர் பக்கம்கூட நான் விடறதில்லை."

"சட்டையை நல்லா விலக்குங்க. கழுத்துல என்ன அது?"

கயிற்றில் தட்டையாக ஒரு வட்டம். அதில் நாலைந்து குண்டூசிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அது கடையில ஊசி எடுக்கறதுக்கு..." என்ற அக்கா அவசரமாகக் கயிற்றைக் கழற்றினாள்.

தரையில் சிந்தும் குண்டூசிக்காக அவன் குனியும்போதெல்லாம் அவள் தையலை நிறுத்திவிடுவாள். குனிந்தவன் அப்படியே விழுந்துவிட்டால்? உட்கார்ந்தபடியே கயிற்றை இறக்கி ஊசியை எடுக்கட்டும் என்று அவள்தான் அதைக் கட்டி மாட்டினாள். டாக்டர் எச்சரித்த காந்தம் ஏதோ பெரிய மெஷினில் இருப்பது என்றுதான் நினைத்திருந்தாள்.

"கருவி கெட்டுப்போகலை, ஆன் பண்ணிட்டேன். எடுக்க வேண்டியதில்லை. ஆனா வலிப்பு பழையபடி அடங்க நாளாகும், பொறுத்துக்கணும்," என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான்டா மாட்டுனேன்."

"நான் விழக் கூடாதுன்னுதானே மாட்டுன? விடுக்கா. பசிக்குது, வா."

மறுநாள் கடையில், அசதியில் அவள் கை தட்டி ஊசி டப்பா கவிழ்ந்தது. தம்பி குனிந்தான். குனியாதே என்று தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, அவளும் அவனருகே தரையில் உட்கார்ந்தாள்.

"ஸ்ஸ்... குத்திடுச்சுக்கா."

"குத்தட்டும். பொறுக்கு."