வரப்பில் ஏறாதவள்

...இன்னும் பாதிக் கழனிதான், முதுகை நிமிர்த்தக் கூடாது, நிமிர்ந்தால் வரப்பில் நிற்கிற மேஸ்திரி தங்கவேல் பார்த்துவிடுவான், பார்த்தால் நாளைக்கு நடவுக்கு வராதே என்பான், காலையிலேயே சொல்லிவிட்டானே, "பின்தங்குனா வரப்புல ஏறிடணும்மே, பாவம் புண்ணியம்லாம் பாக்க மாட்டேன்" என்று. ஏறுவாளா வேம்புலியம்மாள்? போடா போ! பாடையிலேயே ஏறாதவள் உன் வரப்பிலா ஏறுவாள்... பட்டணத்து ஆஸ்பத்திரியில் விலாவைத் திறந்து, புற்று பிடித்த இடப்பக்க நுரையீரலை முழுசாக எடுத்துவிட்டார் அந்த வெள்ளைக்கார டாக்டர், சண்டையில் சிப்பாய்களின் மார்பைத் திறந்து பழகிய கை, சின்ன வயசு தாங்குவாள் என்றுதான் கத்தி வைத்தாராம். திரும்பவும் வருமா என்று கேட்டதற்கு மேலே பார்த்தார், அங்கே மின்விசிறிதான் இருந்தது. வரட்டும், வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நாற்றைப் பிரி, சேற்றில் ஊன்று... பாட்டெடுக்கிறவள் ஓரகத்தி கெங்கம்மாள், அவள் பாட்டு போகிற வேகத்தில்தான் அத்தனை கையும் போகும், பாட்டில் ஓர் அடி முடிந்ததும் குத்தம்பாக்கத்துப் பெண்கள் எல்லோரும் ஒன்றாகப் பின்னால் நகர வேண்டும், நகராதவள் நாற்றுக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்டு ஊர் சிரிக்க நிற்பாள். மூச்சு வாங்குகிறதா? இல்லை, வலப்பக்கம் ஏறி இறங்குகிறது, இடப்பக்கம் சும்மா கிடக்கிறது, தழும்புதான் வெயிலுக்குச் சுருக்கென்கிறது. ஊர் அதைவிட மோசம், க்ஷயம், ஒட்டிக்கொள்ளும் என்று முடிவு கட்டி அவள் குவளையைத் தனியாகக் கவிழ்த்து வைத்தது, கவிழ்த்தவளே இந்தக் கெங்கம்மாள்தான்! வேம்புலியம்மாளின் புருஷன் துலுக்கானம் அதே குவளையில் மொண்டு எல்லார் எதிரிலும் குடித்தான், மடையன், தங்கமான மடையன்...

அதோ, அடி முடிந்தது, எல்லோரும் நகர்ந்தார்கள், அவளும் நகர்ந்தாள், சரியாக! காலையிலிருந்து ஒரு தடவைகூடப் பிந்தவில்லை. அடி சக்கை, பாதி மூச்சு போதுமடி உனக்கு, மீதி வெறும் பாரம்... என்று தன்னையே மெச்சிக்கொண்டபோதுதான் தங்கவேல் கத்தினான்.

"இன்னாமே கெங்கம்மா, பாட்டு இப்புடி இழுத்துகினு கீது? முடியலன்னா சொல்லு, வேற ஆள வச்சி பாடிக்கிறோம்!"

"தொண்ட கட்டிகினு கீது அண்ணாத்தே, இன்னிக்கு இவ்ளோதான் வரும்" என்றாள் கெங்கம்மாள், தலையை நிமிர்த்தாமல்.

தொண்டைக் கட்டா? இன்று விடிகாலையில்கூடக் கிணற்றடிச் சண்டையில் தெருவையே எழுப்பிய தொண்டையல்லவா அது... வேம்புலியம்மாளின் கை நாற்றோடு நின்றது. வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள், ஒருத்தியும் முகம் கொடுக்கவில்லை, அத்தனை பேரின் கையும் சேற்றுக்கு மேலே காத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் காலையிலிருந்து... நான் இவர்களோடு போகவில்லையா, இவர்கள்தான் என்னோடு வந்தார்களா? யாரடி கேட்டது உன்னை என்று கோபம் வந்தது, கூடவே அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது, இரண்டையும் எங்கே வைப்பது, இருக்கிற ஒரு பக்கத்துக்குள்ளேயா... கை போய் நாற்றை ஊன்றியது. பக்கத்துக் கைகளும் ஊன்றின.