மஞ்சள் காடிக்கு எந்த இஞ்சின்

தினமும் காலையில் என் காடியில் ஏறி உட்காருவேன். சாவியைத் திருகி, இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு இறங்கி வீட்டுக்குள் போய்விடுவேன். பேட்டரி செத்துப்போகக் கூடாதே என்றுதான். முன்னால் வீட்டுச் சுவர். பின்னால் என் வீட்டுக்காரரின் மஞ்சள் காடி. கண்ணாடியில் பார்த்தால் அதன் பின்புறமும் அதில் ஒட்டியிருக்கும் எழுத்தும் தெரியும். ‘முடிஞ்சா புடி’ என்று ஒட்டி வைத்திருந்தார் அந்த மகராசன். அசையாமல் நிற்கிறதை எவன் பிடிக்கப் போகிறான்?

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு காடி நிற்க இடம், ஒரே ஒரு இரும்புக் கதவு. கதவோரம் நிற்கிறது நகர்ந்தால்தான் உள்ளே நிற்கிறது வெளியே வரும். ஒரு நாள் இவர் நெடுஞ்சாலையில் எவனோடோ ரோஷப்பட்டு மிதித்ததில், மஞ்சள் காடியின் இஞ்சினுக்குள் கம்பி முறிந்து பிளாக்கை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இழுவை லாரிக்காரன் கொண்டுவந்து பின்பக்கமாக உள்ளே தள்ளிவிட்டுப் போனான். என் சின்னக் காடி அப்போதே உள்ளே இருந்தது.

“ரெண்டே நாளு, தவா. ரெண்டு நாள்ல எடுத்துருவேன்,” என்றார் என் வீட்டுக்காரர் ஜெகதீசன்.

அது நடந்து ஐந்து வாரம்.

எனக்கு அவசரம் இருந்தது. நான் டயாலிசிஸ் தாதி. மாமியார் படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டேன். ஆறு வருஷம் அவரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டி, கடைசியில் நல்லபடியாக வழியனுப்பினேன். பிறகு பந்திங்கில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் வேலை கேட்டேன், கிடைத்தது. காலை ஐந்தரைக்கு அங்கே இருக்க வேண்டும். அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது, வாடகைக் காடியும் நிச்சயமில்லை. இவருக்கோ துறைமுகத்தில் ஷிப்ட், மோட்டார் சைக்கிளில் போய்விடுவார். சேர வேண்டிய தேதியை ஒரு முறை தள்ளிப் போட்டாயிற்று. “அடுத்த திங்கள் வரலன்னா வேற ஆளப் போட்டுருவேன்மா, கோவிச்சுக்காத,” என்று மேட்ரன் நேராகவே சொல்லிவிட்டார். அவர்மேல் என்ன தப்பு?

இஞ்சினை முதல் வாரமே இவரும் கூட்டாளிகளும் கழற்றிவிட்டார்கள். கழற்றும்போது முன் சக்கரங்களைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தையும் சேர்த்துக் கழற்றி, “சும்மா கெடக்கறதுக்குச் சாயம் பூசிக்கிட்டு வரட்டும்” என்று அனுப்பிவிட்டார்கள். காடியின் மூக்கு இரண்டு ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. முன்னால் சக்கரமே இல்லை, எப்படித் தள்ளுவது?

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஆலோசனைதான். ஐயோ, அந்த ஆலோசனை! சாயங்காலமானால் மூன்று பேர் வந்துவிடுவார்கள். பட்டறை வைத்திருக்கும் உதயன், லாரி ஓட்டும் ஹர்ஜிட், ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யாத வீரையா. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இஞ்சின் இருந்த ஓட்டையைச் சுற்றிப் பிள்ளை பிறந்த வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள்.

“பழைய பிளாக்கையே ஒட்டவெச்சு, உள்ளுக்குப் புதுசா ஸ்லீவ் கொழா அடிச்சு எழுப்பிறலாம். காடிக்கு அதோட பொறந்த இஞ்சின்தான் மரியாத,” என்பார் உதயன்.

“ஒனக்குப் பைத்தியமாடா? ஓட்ட விழுந்த சட்டியில கொழம்பு வெப்பியா?” என்பார் ஹர்ஜிட். பஞ்சாபிக்காரர்தான், தமிழில் திட்ட ஆரம்பித்தால் நாம் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். “மேருவுல பழைய சாமான் கடையில ஹாஃப்கட் கெடக்குது. ஜப்பான்ல பாதியா அறுத்து முன்பக்கத்த அப்படியே அனுப்பறான். இஞ்சின், கியர், வயரு எல்லாம் அதுலயே இருக்கு. தூக்கி மாட்டு, முடிஞ்சிச்சு.”

“முடிஞ்சிச்சா? இஞ்சின் நம்பர் மாறும்லா. போக்குவரத்து இலாகாவுல போயி நிக்கறது ஒங்கப்பனா?” என்பார் உதயன்.

“அதெல்லாம் எதுக்குங்கறேன்,” என்று வீரையா இடையில் விழுவார். “ஆறு சிலிண்டர் பெரிய இஞ்சின் ஒண்ணு போடு ஜெகா. மூக்க கொஞ்சம் வெட்டிட்டா உக்காந்துரும்.”

ஜெகதீசன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். கடைசியில் அதே வார்த்தை. “அவசரப்படக் கூடாதுடா. இஞ்சின் விஷயம். நிதானமாத்தான் முடிவு பண்ணணும்.” நான் தேத்தண்ணீரும், வாழைப்பழத்தைப் பொரித்த பீசாங் கோரெங்கும் கொண்டுபோய் வைப்பேன். வைத்துவிட்டு, “திங்கக்கெழமைக்குள்ள ஆயிருமா?” என்று கேட்பேன். “பாக்கறோம் அண்ணி, பாக்கறோம்,” என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு மறுபடியும் ஸ்லீவுக்குப் போய்விடுவார்கள். நாசமாய்ப் போக!

எனக்கு மூச்சு முட்டியது. ஆறு வருஷம் மாமியார் அறையில் அடைந்து கிடந்தபோதுகூட இப்படி இருந்ததில்லை, அது நானாகச் செய்தது. இப்போது வாசலில் இறங்கினாலே அந்த மஞ்சள் தகரம் குறுக்கே நிற்கிறது. அழுகையும் வந்தது, எதையாவது எடுத்து அதன் கண்ணாடியில் அடிக்கலாமா என்றும் வந்தது.

சனிக்கிழமை அவர் வேலைக்குப் போனதும் பஸ் ஏறி மேருவுக்குப் போனேன். இவர்கள் முடிவு பண்ண வேண்டாம், நானே ஒரு இஞ்சினைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறேன் என்றுதான் போனேன். எனக்கு இஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் ஐந்து வாரம் தேத்தண்ணீர் ஊற்றியதில் பெயர்கள் எல்லாம் மனப்பாடமாகியிருந்தன.

பழைய சாமான் முதலாளி தவுக்கே கோவின் கடையில் தலை மட்டும் உள்ள காடிகள் வரிசையாக அடுக்கிக் கிடந்தன. கோவுக்கு அறுபது வயதிருக்கும், கிள்ளான் சீனர், தமிழில்தான் பேசினார். காடியின் பெயரைச் சொன்னேன். எங்கள் தாமான் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

“ஓ! நீ ஜெகா பொண்டாட்டியா, தங்காச்சி? எடுக்க வந்துட்டியா? வா, வா.”

பின்னால் கூட்டிக்கொண்டு போய் ஒரு கித்தானை விலக்கினார். மரப்பலகை மேல் அதே மாதிரிக் காடியின் முன்பாதி, வெள்ளை நிறம். பேட்டரியைக் கொடுத்து முடுக்கினார். ஒரே சீராக ஓடியது. எனக்கே அது நல்ல இஞ்சின் என்று தெரிந்தது.

“ஒன் புருஷன் ரெண்டு தரம் வந்து கேட்டுட்டான். மூணு வாரத்துக்கு முந்தியே சொல்லிட்டான்லா, இதான் வேணும், யாருக்கும் குடுக்காதன்னு.”

“அப்ப ஏன் எடுக்கல?”

தவுக்கே சிரித்தார். “அவன் பெரிய ஆளு தங்காச்சி. என்னா சொன்னான் தெரியுமா? இப்ப எடுத்தா என் காடி வெளிய போவும், என் காடி வெளிய போனா என் பொண்டாட்டி காடியும் வெளிய போயிரும். அவ வேல கேன்சல் ஆவட்டும் தவுக்கே, அப்புறம் வர்றேன்னான். நான் சிரி சிரின்னு சிரிச்சேன்...”

என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. இஞ்சினை அணைத்தார். “வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்,” என்றார் மெதுவாக.

பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். தவுக்கே ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்போது எதிரே இரண்டு வேலையாட்கள் வேறொரு ஹாஃப்கட்டிலிருந்து இஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கி இறக்கினார்கள். மிச்சம் இருந்த மூக்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கட்டிலைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு நடந்துபோனார்கள். பேசிக்கொண்டே போனார்கள்.

“அவ்ளோ லேசா தவுக்கே?”

“இஞ்சின் இல்லன்னா காடியில என்னா இருக்கு தங்காச்சி? வெறும் தகரம்.”

வீட்டுக்கு வந்து ராத்திரிச் சோற்றை ஆக்கினேன். மறுநாள் ஞாயிறு, வழக்கம்போல மூன்று பேரும் வந்தார்கள். ஸ்லீவிலிருந்து ஆரம்பித்தார்கள். நான் கையில் சாவியோடு போய் நின்றேன்.

“டீ இல்லியா அண்ணி?” என்றார் வீரையா.

“இருக்கு. ஒரு வேல செஞ்சிட்டுக் குடிக்கலாம். நாலு பேரும் எழுந்து முன்னுக்குப் போங்க. காடிய மூக்கத் தூக்கி ரோட்டுக்கு இழுங்க. பின்னால சக்கரம் இருக்குல்ல, உருண்டு வரும்.”

சிரித்தார்கள். “இது என்னா நாற்காலியா அண்ணி, தூக்கறதுக்கு?”

“இஞ்சின் இல்லாத காடி. நேத்து மேருவுல ரெண்டே பேரு ஒரு மூக்கத் தூக்கிட்டுப் போனாங்க. பாத்துட்டுத்தான் வந்தேன்.”

மேரு என்றதும் ஜெகதீசன் தரையைப் பார்த்தார். ஹர்ஜிட் மட்டும் எழுந்துபோய்க் குனிந்து ஒரு பக்கம் பிடித்துப் பார்த்தார். ஸ்டாண்டை விட்டு மூக்கு மேலே வந்தது. “ஓய், வருதுலா!” என்று கத்தினார்.

“வேணாம், விடு,” என்றார் ஜெகதீசன். “பம்பர் ஒடைஞ்சிரும். மொதல்ல எந்த இஞ்சின்னு முடிவாவட்டும்.”

“முடிவாயி மூணு வாரம் ஆச்சு. கோ கடையில கித்தான் போத்தி வெச்சிருக்கு. என் வேல கேன்சல் ஆனதும் எடுக்கறதாச் சொல்லியிருக்காரு ஒங்க நண்பரு.”

உதயன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “டேய்! நான் ஸ்லீவ் தேடி ஷா ஆலாம் பூரா நாயா அலையிறேன், நீ ஹாஃப்கட்ட வாங்கி ஒளிச்சு வெச்சிருக்கியா?” அவருக்கு வந்த கோபம் ஸ்லீவுக்காக. என் வேலைக்காக யாருக்கும் கோபம் வரவில்லை என்பதையும் நான் கவனித்துக்கொண்டேன்.

ஜெகதீசன் என்னைப் பார்க்காமல் பேசினார். “வேலைக்குப் போவாதன்னு வாய் தெறந்து சொல்ல முடியல. ஆறு வருசம் அம்மாவப் பாத்தவ நீ. எந்த மொகத்த வெச்சிக்கிட்டுச் சொல்லுவேன்? ஷிப்ட் முடிச்சி வந்து நானே கதவத் தெறக்கணும். உள்ளுக்கு அம்மாவும் இல்ல, நீயும் இல்ல. நெனச்சாலே என்னமோ பண்ணுது. போனா நீ வேற ஆளாயிருவ தவா. ஒரு நாளு திரும்பி வராமக்கூடப் போயிருவ.”

பாவமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். அம்மா போன பிறகு அவர் அந்த அறைப் பக்கமே போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்காக? பயமென்றால் பயம் என்று சொல்ல வேண்டியதுதானே, என்னை ஏன் சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் வைத்துப் பூட்ட வேண்டும்?

“தூக்குங்க,” என்றேன்.

தூக்கினார்கள். ஹர்ஜிட்டும் உதயனும் ஒரு பக்கம், வீரையாவும் என் வீட்டுக்காரரும் மறுபக்கம். மஞ்சள் காடி பின் சக்கரத்தில் உருண்டு, பிகு பண்ணாமல் கதவைத் தாண்டி ரோட்டுக்குப் போய் ஓரமாகத் திரும்பி நின்றது. முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து வாரம்!

நான் ஸ்டாண்டு இரண்டையும் வழியை விட்டுச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு, என் காடியில் ஏறி இடுப்புப் பட்டையை மாட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன், திறந்த கதவும் ரோடும் தெரிந்தன. பின்னோக்கி எடுத்து வெளியே வந்தேன்.

நால்வரும் மூக்கைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார்கள். கீழே வைத்தால் பம்பர் நசுங்கும். ஸ்டாண்டு இரண்டும் வாசலிலேயே நின்றுவிட்டன. எடுத்துவர யாருக்கும் கை காலியாக இல்லை.

“தவா, அந்த ஸ்டாண்ட எடுத்தாந்து குடு. கை போவுது.”

கண்ணாடியை இறக்கினேன். “அவசரப்படக் கூடாதுங்க. எந்த ஸ்டாண்டு எந்தப் பக்கம்னு நாலு பேரும் நிதானமாப் பேசி முடிவு பண்ணுங்க.”

“அண்ணி!” என்று மூன்று பேரும் அலறினார்கள். “தவா, எங்க போற? தவா!” என்றது அவர் குரல். நான் போய்க்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் திரும்பி, கோயிலைத் தாண்டி, பந்திங் போகிற சாலை வரைக்கும் போய், அங்கே சிக்னலில் நின்று நன்றாக அழுதேன். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.

வீரையா திட்டிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் முனகிக்கொண்டிருந்தார்கள். ஜெகதீசன் மட்டும் பம்பரை விடாமல் பிடித்துக்கொண்டு தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நான் இறங்கி உள்ளே போய் ஸ்டாண்டு இரண்டையும் எடுத்துவந்து மூக்குக்குக் கீழே வைத்தேன்.

“வந்துட்டேன், பாத்தீங்கல்ல?” என்றேன். “நாளைக்கும் வருவேன். வேல முடிஞ்சி வர மத்தியானம் ரெண்டு மணி ஆயிரும். சோத்த ஆக்கி வைங்க.”