நீலம் படிந்த பக்கெட்

"உங்ககிட்ட ஒரு குறையும் இல்லம்மா. அடுத்த தடவை வரும்போது உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க."

"அவரு வரமாட்டாருங்க டாக்டர்."

"கேட்டுப் பாத்தீங்களா?"

நான்கு வருஷத்துக்கு முன்னால், குழந்தை இல்லையென்று காட்டப் போனபோது சேலத்து டாக்டரம்மா கேட்ட கேள்வி அது. ராசாத்தி இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை. கணவன் செல்வராஜின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிடுவாள்.

இன்று அவள் தங்கை குழந்தையின் காதுகுத்து முடிந்து இருவரும் சேலத்திலிருந்து மலையேறிக்கொண்டிருந்தார்கள். பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் செல்வராஜ் மடியிலிருந்த பிளாஸ்டிக் பையைப் பச்சைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். உள்ளே தண்ணீரில் தொட்டி மீன்கள்: இரண்டு ஏஞ்சல், நாலு கறுப்பு மோலி, கொஞ்சம் கப்பி. ஒரு வளைவில் பை நழுவியது. ராசாத்தி தன்னையறியாமல் கையை நீட்டினாள்.

"நீ உடு. நான் பாத்துக்கறேன்."

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

செல்வராஜ் மலைமேல் நாகலூரில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். மேனேஜர் மாற்றலாகிப் போனபோது தன் மீன்தொட்டியை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரே மாதத்தில் அத்தனை மீனும் செத்து மிதந்தன. "புள்ள தங்காத கையில மீனு மட்டும் தங்குமா?" என்றாள் மாமியார் பாவாயி. அன்றிலிருந்து ராசாத்தி தொட்டிப் பக்கம் போகவில்லை. அடுத்து வாங்கி விட்டவை பத்தே நாளில் செத்தன. "தொடலீன்னா என்ன, அவ நெழலு பட்டிருக்கும்" என்றாள் பாவாயி. செல்வராஜ் செத்த மீன்களை அள்ளிக் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கழுவினான்.

தொட்டிக்கு மீன் போவது இது மூன்றாவது முறை. மதியம் சேலத்தில் வண்ணமீன் கடைக்காரர் ஐயாக்கண்ணுதான் முதன்முதலாக வேறு கேள்வி கேட்டார்.

"தண்ணி யாரு மாத்தறதுங்க?"

"நான்தாங்க. எஸ்டேட் பக்கெட்டுல மொண்டு ஊத்துவேன்."

"காப்பிச் செடி நோவுக்கு அடிக்கிற நீல மயில்துத்தம் கலக்குற பக்கெட்டுங்களா?"

"கழுவிட்டுத்தானுங்க ஊத்தறேன்."

"நீங்க கழுவிப்போட்டதுல எம்மீனு பொழைக்காதுங்க. அந்த நீலம் துளி பட்டாப் போதும், அத்தனையும் போயிரும். நான் யாவாரி, நீங்க வாரா வாரம் வந்தா எனக்கு லாபந்தான்."

செல்வராஜ் சிரித்துச் சமாளித்தான். ராசாத்தி சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் இதை இவர் அம்மாவிடம் சொல்வார், ஒரு பழியாவது தன் தலையிலிருந்து இறங்கும் என்று அவள் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

வாசலிலேயே பாவாயி நின்றிருந்தாள். "அவ கை படாமக் கொண்டாந்தியா சாமி? வெள்ளிக்கெழம மஞ்சக்குட்டை ஊருக்கு உனக்கு ரெண்டாந்தாரமாப் பொண்ணுப் பாக்க வர்றோம்னு சொல்லியுட்டாச்சு. நீயும் லீவு சொல்லிப்போடு."

செல்வராஜ் மீன் பையோடு உள்ளே போனான். தொட்டித் தண்ணீரை முழுக்க வெளியேற்றினான். அந்தப் பழைய பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டில் விறகுக்குப் பின்னால் வைத்தான். அதன் விளிம்பில் நீலம் காய்ந்து ஒட்டியிருந்தது. புதுக் குடத்தில் தண்ணீர் பிடிக்கத் தொடங்கினான்.

ராசாத்தி பின்னாலேயே வந்து நின்றாள்.

"அத்தைகிட்டச் சொல்லலீங்களா?"

"என்னத்தச் சொல்றது? போன மீனு வரப்போவுதா? சும்மா இரு."

அவ்வளவுதான். இனி எதிர்பார்க்க அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை. வெள்ளிக்கிழமைக்கு மூன்றே நாள் இருந்தது. கேட்டாலும் இவர் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் இந்தத் தடவை அவள் பேச்சை மாற்றவில்லை.

"ஏனுங்க, ரெண்டு தடவ மீனை மாத்துனீங்க. பக்கெட்ட ஒருக்காக்கூடத் திருப்பிப் பாக்கலீங்க. பழிய மட்டும் என் கையில போட்டீங்க. இப்ப என்னையும் மாத்தப் போறீங்க. புள்ள இல்லீன்னா பொம்பளையக் கொற சொல்றாங்க, ஆம்பளைய ஒருத்தரும் சோதிச்சுப் பாக்கறதில்லைங்க. ரெண்டு பேரையும் பாக்காம ஒருத்தர் மேல பழி போடறது பாவமுங்க. எனக்கு ஒரு கொறையுமில்லேன்னு டாக்டரம்மா சொல்லி நாலு வருஷமாச்சு."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"மஞ்சக்குட்டையில இன்னொரு பொண்ணப் பாக்கறதுக்கு முன்னால, ஒரே ஒருக்கா எங்கூட டாக்டர்கிட்ட வாங்க."